பற்பசை டியூப் பிறந்த கதை

நாளைக் காலையில் பல் துலக்கும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பற்பசை டியூப்பின் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். அமுக்க வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டிருங்கள். தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். தேன் புட்டியைக் கவிழ்த்தால், மெல்ல மெல்லவாவது தேன் இறங்கி வந்துவிடும். பற்பசை மட்டும் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது இலேசாக அமுக்குங்கள். உடனே வழுவழுவென்று வெளியே வருகிறது. அமுக்குவதை நிறுத்தினால் வருவதும் நின்றுவிடுகிறது. வந்த பசையோ பிரஷ்ஷின் மயிர்களுக்கு இடையே வழிந்து ஓடிவிடாமல், தன் உருவம் குலையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தினமும் பார்ப்பதால் இதில் நமக்கு வியப்பு எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் அந்த டியூப் செய்யும் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பசை வெளியே வர வேண்டும். அதே சமயம் காற்று உள்ளே போகக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யும் பாத்திரம் ஒன்று மனிதனுக்குக் கிடைக்க 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைக் கண்டுபிடித்தவருக்கும் பல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் ஓர் ஓவியர்.

சிறுநீர்ப்பையில் வண்ணம்

எண்ணெய் வண்ணம் என்பது, நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துச் செய்யும் குழைவு. ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஆக்சிஜனை ஏற்று, அது மெல்ல இறுகிக் கெட்டியான தோலாக மாறிவிடும். திரைச்சீலையில் தீட்டிய பிறகு இப்படி இறுகினால் நல்லது. ஓவியம் நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும். ஆனால் தீட்டுவதற்கு முன்பே பாத்திரத்தில் இறுகிவிட்டால் என்ன செய்வது? இதற்காகவே பழைய ஓவியர்களின் கூடங்களில் அன்றன்று தேவையான வண்ணத்தை அன்றன்றே அரைத்துக்கொண்டார்கள்.

மிச்சமான வண்ணத்தைச் சேமித்து வைக்க ஐரோப்பியர் கையாண்ட பாத்திரம் பன்றியின் சிறுநீர்ப்பை. அதில் வண்ணத்தை நிரப்பி, வாயை நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள். வேண்டும்போது ஒரு சிறு ஆணியால் பையில் துளையிட்டு, அமுக்கி வண்ணத்தை எடுப்பார்கள். பிறகு அந்த ஆணியையே துளையில் செருகி அடைப்பார்கள். ஆணி சரியாகப் பொருந்தாது. ஓரங்களில் கசியும், காற்று புகும், உள்ளே இருப்பது கட்டிபடும். பயணத்தில் எடுத்துச் சென்றால் பை வெடித்து, ஓவியரின் உடுப்பெல்லாம் வண்ணமாகிவிடும்.

பித்தளையிலும் கண்ணாடியிலும் பீச்சாங்குழல்கள் செய்து பார்த்தார்கள். அவற்றில் காற்று புகாது. ஆனால் கண்ணாடி உடையும். பித்தளைக்கு விலை அதிகம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பீச்சாங்குழல் வேண்டும். தீர்ந்த பின் அதைக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும்.

ஜான் கோஃப் ரான்ட் என்பவர் 1801-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தவர். ஆட்களைப் பார்த்து உருவப்படம் தீட்டுவது அவர் தொழில். லண்டனில் வாழ்ந்த காலத்தில் இந்தச் சிக்கலுக்கு அவர் ஒரு வழி கண்டார். வெள்ளீயத்தால் மெல்லிய சுவர் கொண்ட ஒரு குழாய். அதன் ஒரு முனையில் சிறு வாய். மறுமுனையை மடித்து இறுக்கிவிடலாம். 1841-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். லண்டனில் வண்ணம் விற்றுவந்த வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியார் அதை எடுத்துக்கொண்டு, திருகு மூடியும் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

இதில் எது புதுமை என்று கேட்கலாம். பீச்சாங்குழலில் பாத்திரத்தின் உருவம் மாறுவதில்லை; உள்ளே ஒரு தண்டு நகர்கிறது. ரான்டின் குழாயில் தண்டு எதுவும் இல்லை, பாத்திரமே சுருங்குகிறது. வண்ணம் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவுக்குக் குழாயும் நசுங்குகிறது. வெள்ளீயம் மெத்தென்ற உலோகம். ஒருமுறை நசுங்கினால் நசுங்கியபடியே இருக்கும். ரப்பர் பந்தைப் போல மீண்டும் உப்பி எழுந்தால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும் அல்லவா? வெள்ளீயம் அப்படி எழுவதில்லை. ஆகவே உள்ளே காலி இடமே உண்டாவதில்லை. காலி இடம் இல்லாதபோது காற்று எங்கே போய்க் குடியிருக்கும்?

இந்த டியூப் வந்த பிறகு ஓவியர்கள் வண்ணங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் போனார்கள். 1874-இல் பாரிஸ் நகரில் தங்கள் முதல் கண்காட்சியை நடத்திய மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார் முதலியோர் திறந்த வெளியில் அமர்ந்து வெயிலையும் நிழலையும் தீட்டியவர்கள். டியூப் இல்லாவிட்டால் தங்கள் ஓவிய இயக்கமே பிறந்திராது என்ற பொருளில் ரெனுவார் பேசியதாக அவருடைய மகன் எழுதி வைத்திருக்கிறார்.

வண்ணமும் பசையும் ஒரே சாதி

ஓவியரின் டியூப் பற்பசைக்குப் பொருந்தியது தற்செயலா? அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டறிந்தவர் யூஜின் பிங்காம் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர்.

தண்ணீர், எண்ணெய், தேன் போன்ற திரவங்களை எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அவை நகரும். தேன் தாமதமாக நகரும், அவ்வளவுதான் வேறுபாடு. களிமண் குழம்பு முதலிய சில பொருள்கள் வேறு விதமாக நடந்துகொள்வதை 1916-ஆம் ஆண்டு பிங்காம் விளக்கினார். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தினால் அவை திடப்பொருளைப் போல அப்படியே நிற்கின்றன. அந்த அளவைத் தாண்டினால்தான் பாயத் தொடங்குகின்றன. 1919-இல் அவரும் ஹென்றி கிரீன் என்பவரும் சேர்ந்து, வண்ணக் குழைவும் வெறும் திரவம் அன்று, இந்த வகையைச் சேர்ந்ததே என்று அளந்து காட்டினர்.

பற்பசையும் இதே வகைதான். அதில் உள்ள ஒரு முக்கியப் பகுதி, பல்லைத் தேய்க்கும் நுண்துகள்: சுண்ணாம்புத்தூள், கால்சியம் பாஸ்பேட், சிலிக்கா இவற்றில் ஏதேனும் ஒன்று. இவை கிளிசரினும் தண்ணீரும் கலந்த நீர்மத்தில் மிதக்கின்றன. பிசின் போன்ற ஒரு பொருள் துகள்களை வலைபோலப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் அமுக்கும்போது அந்த வலை அறுந்து பசை நகர்கிறது. அமுக்குவது நின்றதும் வலை மீண்டும் பின்னிக்கொள்கிறது. டியூப்பைக் கவிழ்த்தாலும் பசை விழாததற்குக் காரணம் இதுவே. அதன் சொந்த எடை அந்த எல்லையைத் தாண்டப் போதாது. பிரஷ்ஷின்மேல் அது உருவம் குலையாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

ஒரே ஜாடியில் பத்துப் பிரஷ்

டியூப் வருவதற்கு முன்பு மேலை நாடுகளில் பல்லுக்குப் பொடியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினர். பசையும் இருந்தது, அதைப் பீங்கான் டப்பிகளில் அடைத்து விற்றார்கள். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் செர்ரிப் பழத்தின் பெயரைத் தாங்கிய பற்பசை ஒன்று மிகவும் பிரபலம். படம் அச்சிட்ட அதன் டப்பி மூடிகளை இன்றும் பலர் சேகரித்து வைத்திருக்கின்றனர். டப்பியைத் திறந்து, ஈரமான பிரஷ்ஷைப் பசையின் மேல் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் அதே டப்பியில் தேய்ப்பார்கள். ஒருவர் வாயில் இருந்தது எல்லார் வாய்க்கும் போகும். மேலே உள்ள பசை காய்ந்து வெடிக்கும். அல்லது நனைந்து கரையும்.

இது அருவருப்பு மட்டுமன்று, ஆபத்தும்கூட என்று அந்நாளில்தான் தெரியவந்தது. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வாயில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். உணவின் மாவுப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன; அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்று அதில் அவர் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாய் நிறைய இருக்கின்றன என்று அறிந்த பிறகு, எல்லாரும் ஒரே டப்பியில் பிரஷ்ஷை வைக்க மனம் வருமா?

அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியார் 1880-களில் விற்ற ஒரு பற்பசை ஜாடியோடு ஒரு சின்னஞ்சிறு கரண்டியையும் சேர்த்துக் கொடுத்தனர். பசையைக் கரண்டியால் எடுத்துப் பிரஷ்ஷில் வைத்துக்கொள்ள வேண்டியது. நல்ல யோசனைதான்; ஆனால் தூக்கக் கலக்கத்தில் கரண்டியைத் தேடுவோர் எத்தனை பேர்?

முதன்முதலில் பற்பசையை டியூப்பில் அடைத்தவர் யார் என்பதில் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க நூல்கள், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில் பல் மருத்துவராக இருந்த வாஷிங்டன் ஷெஃபீல்டு என்பவரைச் சொல்லும். ஆண்டு 1892. அவருடைய மகன் லூசியஸ் பாரிஸுக்குப் படிக்கப் போனபோது, அங்கே ஓவியர்கள் டியூப்பிலிருந்து வண்ணத்தைப் பிதுக்குவதைக் கண்டு தந்தைக்குச் சொன்னாராம். இது அக்குடும்பத்தின் வழிவந்த கதை. ஆனால் வியன்னா நகரில் கார்ல் சார்க் என்பவரின் கம்பெனி, கலோடான்ட் என்ற பற்பசையை 1887-இலேயே டியூப்பில் விற்றது. ஆகவே காலத்தால் முந்தியவர் சார்க் என்றே நான் கொள்வேன். ஷெஃபீல்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் குடும்பத்தார் பசையோடு நில்லாமல், டியூப் செய்வதையே ஒரு தொழிலாக வளர்த்தனர். 1896-இல் கோல்கேட் கம்பெனியும் டியூப்புக்கு மாறியது. 1907-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மருந்தாளர் மாயன்பர்க் என்பவர் குளோரோடான்ட் என்ற பசையை உலோக டியூப்பில் அடைத்து விற்கத் தொடங்கினார். அதன் பிறகு ஜாடியின் காலம் முடிந்தது.

வாயின் அகலம்

டியூப்பின் வாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாடியில் அளவு என்பது உங்கள் கையில் இருந்தது. டியூப்பிலோ, அளவைப் பாதி தீர்மானிப்பது அதன் வாய். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாயின் விட்டம் 6 மில்லிமீட்டர். பிரஷ்ஷின்மேல் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பசை வைக்கிறீர்கள். வெளிவருவது ஏறத்தாழ 0.57 கன சென்டிமீட்டர். விட்டத்தை 8 மில்லிமீட்டர் ஆக்கினால், அதே 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1 கன சென்டிமீட்டர் வந்துவிடும். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், பசை முக்கால் பங்குக்குமேல் கூடிவிடுகிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நீங்கள் பாடத்தில் படித்ததன் விளைவு இது. விற்பனையைப் பெருக்க வழி கேட்ட முதலாளியிடம், டியூப்பின் வாயை அகலப்படுத்தச் சொன்ன ஊழியரைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கதை கற்பனையாகவே இருக்கலாம், கணக்கு பொய்யன்று.

விளம்பரப் படங்களில் பிரஷ்ஷின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பசையை அலைபோல நெளித்து வைத்திருப்பார்கள். அவ்வளவு தேவையே இல்லை. ஃபுளோரைடு கலந்த பசையாக இருந்தால், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அரிசி அளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும் என்று பல் மருத்துவர்கள் கூறுகின்றனர். சின்னக் குழந்தைகள் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். பல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளே போனால், பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் நிரந்தரமாகத் தங்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போல, நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குழந்தையின் கையில் டியூப்பைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்களே வைத்துக் கொடுங்கள்.

பழைய டியூப் கொண்டு வா!

வெள்ளீயம் நல்ல உலோகம். பசையோடு வேதிவினை புரியாது, நஞ்சும் அன்று. ஆனால் அது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. அக்காலத்தில் உலகுக்கு வெள்ளீயம் தந்த முக்கியமான பகுதிகளில் ஒன்று மலேயா. நம்மவர் பலர் குடியேறிய பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் பெரும் சுரங்கங்கள் இருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த வெள்ளீயம் திடீரென்று நின்றது.

அதன் விளைவு அமெரிக்கக் குளியலறைகளில் தெரிந்தது. 1942 ஏப்ரல் முதல், அந்நாட்டில் பற்பசையோ சவர க்ரீமோ வாங்க வேண்டுமானால், தீர்ந்துபோன பழைய டியூப் ஒன்றைக் கடையில் கொடுத்தாக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பழையது இல்லையென்றால் புதியது இல்லை. சேர்ந்த டியூப்களை உருக்கி வெள்ளீயத்தை மீட்டெடுத்தனர். அதுவரை குப்பையில் எறிந்த பொருளை மக்கள் அலமாரியில் பத்திரப்படுத்தினார்கள்.

வெள்ளீயத்துக்குப் பதிலாகக் காரீயத்தையும் பயன்படுத்தினர். அதன்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. உட்புறத்தில் மெழுகுப் பூச்சு. காரீயமும் மெத்தென்ற உலோகமே, விலையும் மலிவு. ஆனால் அது நஞ்சு. உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இத்தகைய டியூப்களில் அடைத்த பற்பசையில் காரீயம் கலந்திருப்பதை 1970-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அளந்து கண்டனர். வாயைச் சுத்தம் செய்ய வந்த பசையின் வழியே நஞ்சு போயிருக்கிறது! போர்க்கால நெருக்கடியில் காரீயத்தை எடுத்ததை மன்னிக்கலாம். போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆன பின்னும் அதை விடாமல் இருந்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் அலுமினியம் முன்னுக்கு வந்துவிட்டது. அலுமினிய டியூப் செய்யும் விதம் பார்க்கத் தக்கது. நாணயம் போன்ற ஒரு சிறு அலுமினிய வில்லையை அச்சுக்குள் வைக்கிறார்கள். மேலிருந்து ஓர் எஃகுத் தண்டு ஓங்கி இடிக்கிறது. ஈரக் களிமண்ணை மிதித்தால் விரல்களுக்கு நடுவே மேலே பிதுங்குமே, அதுபோல, அலுமினியம் தண்டுக்கும் அச்சுக்கும் இடையில் உள்ள இடுக்கில் மேலே எழும்புகிறது. ஒரே இடியில் தோளும் கழுத்தும் உள்ள குழாய் தயார்! அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். இடியில் இறுகிப்போன உலோகத்தை உலையில் சூடாக்கி மீண்டும் மெதுவாக்குகிறார்கள். பிறகு கழுத்தில் திருகு, உள்ளே பூச்சு, வெளியே அச்சு, கடைசியில் மூடி.

பசையை எப்படி உள்ளே நிரப்புகிறார்கள்? சிறு வயதில் நான் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் ஏதோ ஊசியால் ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நிரப்புவது வால் பக்கமாக. மூடிபோட்ட டியூப்பைத் தலைகீழாக நிறுத்தி, திறந்திருக்கும் அடிப்பக்கத்தில் பசையை விட்டு, பின்னர் அதை மடித்து நசுக்கி மூடிவிடுகிறார்கள்.

அலுமினியத்திடமும் ஒரு குறை இருந்தது. சுண்ணாம்புத்தூள் சேர்ந்த பசை காரத்தன்மை உடையது. காரம் அலுமினியத்தை அரிக்கும். அரித்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி டியூப் உப்பும். இதைத் தடுக்கத்தான் உட்பூச்சு பூசினர். பசையிலும் சோடியம் சிலிகேட்டைச் சிறிதளவு கலந்தனர். (பற்பசைக்காக அன்று, வேறு ஒரு காரணத்துக்காகவும் அலுமினிய டியூப் புகழ் பெற்றது. 1961-இல் விண்வெளிக்குச் சென்ற ககாரின் சாப்பிட்டது டியூப் உணவுதான். எடையே இல்லாத இடத்தில் எதையும் ஊற்ற முடியாது, பிதுக்க முடியும்.)

ஐந்து அடுக்குச் சுவர்

பிளாஸ்டிக் மலிந்தபோது, பாலித்தீனிலேயே டியூப் செய்தால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றியது. இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. பாலித்தீன் நசுங்கியபடி இராது. கையை எடுத்ததும் உப்பி எழுந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மேலும் புதினா எண்ணெயின் மணம் அதன் சுவர் வழியாகவே மெல்ல நழுவிப்போய்விடும். பசை இருக்கும், வாசனை இராது.

இதற்குக் கண்ட வழி, பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் அடுக்கடுக்காக ஒட்டுவது. நடுவில் தலைமயிரைவிட மெல்லிய அலுமினியத் தாள். அதன் இருபுறமும் பாலித்தீன். சிலவற்றில் காகித அடுக்கும் உண்டு. அலுமினியம் மணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பாலித்தீன் அரிப்பையும் விரிசலையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 1970-களில் பரவிய இந்த அடுக்கு டியூப், இந்தியாவில் 1980-களில் வந்தது. 1982-இல் தொடங்கப்பட்ட எஸ்ஸெல் பேக்கேஜிங் என்ற கம்பெனி இதில் முன்னோடி. இன்று இ.பி.எல். என்ற பெயரில் அது உலகின் மிகப் பெரிய டியூப் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருக்கிறது. உங்கள் டியூப்பின் பக்கவாட்டில் வால் முதல் தோள் வரை ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அது அச்சிட்ட தாளைச் சுருட்டி ஓரங்களை ஒட்டிச் செய்தது. அந்த அலுமினியத் தாள் மிக மெல்லியதாகையால், அலுமினிய டியூப் போல முழுக்க நசுங்கி நிற்காது, பாதி உப்பிக்கொள்ளும்.

இங்கே நாம் ஒன்றை இழந்தோம். என் சிறு வயதில் தெருவில் ‘ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு வருவார்கள். தீர்ந்துபோன அலுமினிய டியூப்களைச் சேர்த்து வைத்துக் கொடுத்தால், கை நிறைய இல்லாவிட்டாலும் நாலைந்து பழமாவது கிடைக்கும். அலுமினியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். அடுக்கு டியூப்பையோ பழைய சாமான் வாங்குபவர் தொடவே மாட்டார். ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் பிரிப்பது அவ்வளவு கடினம்.

கோடும் பம்பும்

வெள்ளைப் பசையில் சிவப்புக் கோடு எப்படி வருகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தையாவது கேட்டிருக்கும். இதற்கு வழி கண்டவர் லியோனார்ட் மராஃபினோ என்ற அமெரிக்கர். 1957-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. டியூப்பின் வாயிலிருந்து உள்நோக்கி ஒரு சிறு குழலை நீட்டினார். குழலைச் சுற்றியுள்ள தோள் பகுதியில் மட்டும் சிவப்புப் பசை, மீதியெல்லாம் வெள்ளை. அமுக்கும்போது வெள்ளைப் பசை குழலின் உள்வாய் வழியே வருகிறது. அதே சமயம் அது சிவப்பையும் அழுத்துகிறது. கழுத்தருகே குழலில் உள்ள நுண்துளைகள் வழியாகச் சிவப்பு உள்ளே நுழைந்து, ஓடிவரும் வெள்ளையின் மேல் கோடு இழுக்கிறது. நடுவில் அமுக்கினாலும் அடியில் அமுக்கினாலும் அழுத்தம் எங்கும் பரவுவதால் கோடு தவறுவதில்லை. இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடாதது ஏன்? பிங்காம் சொன்ன காரணமே. பசை கட்டியாக வழுக்கிக்கொண்டு வருகிறது. அதற்குள் கலங்கலோ சுழலோ இல்லை. இதே தைரியத்தில், இன்று பல கம்பெனிகள் குழலையே விட்டுவிட்டு, நிரப்பும்போதே மூன்று நிறங்களையும் அருகருகே விட்டுவிடுகின்றன.

1984-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பம்பு வேறு வழியில் போனது. அது நிமிர்ந்து நிற்கும் உருளை. அதன் அடியில் ஒரு தளர்ந்த பிஸ்டன் உண்டு. மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் பசை வெளியேறுகிறது. பொத்தான் எழும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. உடனே வெளியில் உள்ள வளிமண்டலம் பிஸ்டனை அடியிலிருந்து மேலே தள்ளிவிடுகிறது. பிஸ்டன் திரும்பி இறங்காதபடி அதன் விளிம்பில் உள்ள பற்கள் சுவரைப் பற்றிக்கொள்கின்றன. அதாவது, பசையைத் தூக்குவது நம் விரல் அன்று; காற்று. உள்ளே விடக் கூடாது என்று ரான்ட் விரட்டிய காற்றை வெளியே நிறுத்தி வேலை வாங்கிய இந்தக் கருவியை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனாலும் அதனால் டியூப்பை வெல்ல முடியவில்லை. விலை கூடுதல், இடமும் அடைக்கும். இதே தத்துவத்தில், பிரஷ்ஷைச் செருகினால் பசை வைத்துக் கொடுக்கும் சுவர்ப் பெட்டிகளும் இன்று விற்கின்றன. டியூப்பின் வாலைச் சுருட்டும் சாவிகளும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் டியூப்தான்.

எல்லாம் செய்தும், சுவரில் ஒட்டிக்கொள்ளும் கடைசிப் பசையை விட முடியவில்லை. இதற்கு ஒரு விடையை, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான கிருபா வாரணாசியும் அவர் மாணவர் டேவிட் ஸ்மித்தும் கண்டனர். பாத்திரத்தின் உட்சுவரில் நுண்ணிய மேடுபள்ளங்களை அமைத்து, அவற்றின் இடுக்குகளில் ஒரு திரவத்தைத் தேக்கி வைத்தனர். பசை சுவரைத் தொடுவதில்லை. திரவத்தின் மேல் வழுக்கிக்கொண்டு மொத்தமாக இறங்கிவிடுகிறது. 2021-இல் கோல்கேட் கம்பெனி இம்முறையில் ஒரு பற்பசையை ஐரோப்பாவில் விற்பனைக்கு விட்டது. அது டியூப் அன்று; ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் புட்டி.

குப்பைப் பிரச்சினைக்கும் வழி தேடினர். பால் புட்டிகள் செய்யும் அடர்ந்த பாலித்தீனை எளிதில் மறுபடி உருக்கலாம். ஆனால் அது விறைப்பானது, பிதுக்க முடியாது. அதே பாலித்தீனின் வெவ்வேறு ரகங்களை மெல்லிய அடுக்குகளாக்கிச் சேர்த்து, அமுக்கத்தக்க ஒரு டியூப்பை 2019-இல் கோல்கேட் கம்பெனி வெளியிட்டது. செய்யும் முறையை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. பிற கம்பெனிகளும் இந்த வழியில் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் டியூப் மறுபடி உருக்கத்தக்கதாக இருந்தால் மட்டும் போதாது. யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் பழைய சாமான் வாங்குபவரிடம் ஒரு டியூப்பைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டு டியூப் தீரும்போது அதை எறிவதற்கு முன் எடைபோடுங்கள். பிறகு கத்தரியால் நீளவாக்கில் வெட்டி விரியுங்கள். ஒட்டியிருக்கும் பசையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கி எறிய இருந்த பசை எவ்வளவு என்று தெரியும். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு மின்னினால் அலுமினியத் தாள் உண்டு என்று பொருள்.